நாட்டுத் துப்பாக்கி

வாய்வழியே கரிமருந்தையும் ரவையையும் இட்டு, நீண்ட கம்பியால் கெட்டித்துச் சுடும் துப்பாக்கியைத் தமிழ்நாட்டில் நாட்டுத் துப்பாக்கி என்பர். இலங்கைத் தமிழர் வழக்கில் அது இடியன் துவக்கு. ஒருமுறை சுட்டால் மறுபடியும் முதலிலிருந்து கெட்டிக்க வேண்டும். தோட்டாவைப் பின்புறமாக இடும் துப்பாக்கிகள் வந்தபின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் படைகள் இதைக் கைவிட்டன. வேட்டைக்காரர்களும் மலை விவசாயிகளும் கைவிடவில்லை.

குழல், கட்டை, தீமூட்டும் பொறி ஆகியவை இதன் உறுப்புகள். கட்டை உளுத்துப்போகும். பொறி காலத்துக்கேற்ப மாறியது: முதலில் எரியும் திரி, பிறகு சிக்கிமுக்கிக் கல், அதன்பின் குதிரை அடித்ததும் வெடிக்கும் கேப்பு. குழலோ தலைமுறைகள் தாண்டி நிற்கும். திரித் துப்பாக்கியாகப் பிறந்த குழல் பேரன் காலத்தில் கேப்புத் துப்பாக்கியாக மாறுவது உலகெங்கும் நடந்ததே. பழங்குழலை வாங்கிப் புதுக்கட்டை பொருத்தும் கலை அப்படித்தான் வளர்ந்தது.

இந்தியக் கொல்லர்கள் இரும்புப் பட்டையைச் சுருளாகச் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டவைத்துக் குழல் செய்தார்கள். வெவ்வேறு வகை இரும்பை முறுக்கிச் சேர்த்தபோது குழலின் மேல் அலைபோன்ற கோலம் தெரிந்தது. வேலைப்பாடு மிக்க ஆயுதங்களுக்குத் தஞ்சை அரண்மனை ஆயுதசாலை பெயர்பெற்றது. 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண்வாரிசின்றி இறந்து மராட்டிய அரசு முடிவுக்கு வந்தது. 1863இல் ஆயுதசாலையும் கலைக்கப்பட்டது. கலைநயம் மிக்கவை எனத் தேர்ந்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. மீதியில் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. எழும்பூரில் உள்ள அந்த அருங்காட்சியகத்தில் இன்று காட்சிக்கு இருப்பது அந்தத் தேர்வால் தப்பியது. அதற்கும் முன்பே, பாளையக்காரர் போர் முடிந்த கையோடு, 1801 டிசம்பர் 1 அன்று சென்னை மாகாண ஆளுநர் எட்வர்ட் கிளைவ் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்து பிரகடனம் வெளியிட்டிருந்தார். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் உரிமத்தைக் கட்டாயமாக்கியது.

தமிழ்நாட்டில் இத்துப்பாக்கியோடு நெருக்கமாகப் பேசப்படும் சமூகம் நரிக்குறவர். உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கியால் காடை, கவுதாரி, கொக்கு என வேட்டையாடி விற்று வாழ்ந்தவர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த வேட்டையைச் சுருக்கியது. ஊசிமணி, பாசிமணி விற்பனை அவர்களுக்கு முழுநேரத் தொழிலானது. துப்பாக்கி கையில் இருந்தது, சுடுவதற்கு உரிமையுள்ள பறவைதான் குறைந்துபோனது. குடகில் நிலைமை வேறு. அங்கே குடவர்களுக்கும் ஜம்மா எனும் பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்போருக்கும் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே உரிம விலக்கு உண்டு; ஒன்றிய அரசு 2019இல் அதை மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. கைல்போள்து விழாவில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வழிபடுவார்கள்.

இலங்கையில் கண்டிக் கொல்லர்கள் போர்த்துக்கேயரிடம் கண்டதைத் தமதாக்கிக்கொண்டு, பொறியை இடப்பக்கம் வைத்துத் தனிப்பாணித் துப்பாக்கிகள் செய்தனர். அங்கே இன்று அச்சத்தோடு உச்சரிக்கப்படும் பெயர் கட்டுத்துவக்கு. காட்டுப்பன்றிக்காக வழியில் கட்டிவைக்கும் அதில் மனிதரும் யானையும் சிக்குகிறார்கள்.

ரைபிள் என்பது இவற்றிலிருந்து ஒரு படி வேறானது. குழலின் உட்புறத்தில் புரியாக வெட்டிய பள்ளங்கள் குண்டைச் சுழலவைத்துக் குறியை நேராக்கும். நாட்டுத் துப்பாக்கியின் உட்புறம் வழவழப்பானது; சிதறும் ரவைக்கு அதுவே போதும். முன்வாய் ரைபிளைப் புதுப்பிப்பது பொழுதுபோக்காகச் செழித்த இடம் அமெரிக்கா. பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் ஜெர்மானியக் கைவினைஞர்கள் செய்த நீள்துப்பாக்கிகளே அதற்கு முன்மாதிரி. 1933இல் தொடங்கிய தேசிய முன்வாய்த் துப்பாக்கிச் சங்கம் இந்தியானாவின் ஃப்ரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் போட்டிகள் நடத்துகிறது. தேய்ந்த புரிகளை மேலும் ஆழமாக வெட்டி, பெரிதான வாய்க்கேற்பக் குண்டு வார்க்கும் அச்சும் புதிதாகச் செய்துகொள்வது அங்கே பழைய வழக்கம். பழங்குழல் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது அதன் அடிப்பகுதியை. கரிமருந்தின் கசடு ஈரத்தை இழுத்து, குழலின் அடியை மூடும் அடைப்பாணியை ஒட்டி உள்ளிருந்தே இரும்பைத் தின்றுவிடும். வெளியே பளபளக்கும் குழல் உள்ளே ஓட்டையாக இருக்கலாம். குழலைக் கூடுதல் மருந்திட்டுச் சோதித்து முத்திரையிடும் சோதனைச்சாலை இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1813 முதல் இருக்கிறது.

1898 வரை செய்யப்பட்ட துப்பாக்கிகளை அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம் ‘பழம்பொருள்’ என விலக்கிவைத்திருக்கிறது. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பழமையை அப்படி மதிப்பதில்லை: பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் விலக்கு. அமெரிக்க நூல் ஒன்றைப் படித்த ஆர்வத்தில் இங்கே பழைய இரும்புக்கடையில் குழல் தேடுபவர் சிறைக்கு வழி தேடுகிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

மலேசியாவில் சட்டம் இன்னும் கடுமை. மலாக்கா 1511இல் போர்த்துக்கேயர் வசமானபின் ‘இஸ்திங்கார்’ என்ற திரித் துப்பாக்கி மலாய் உலகில் பரவியது. மினாங்கபாவ் கொல்லர்கள் அதன் குழலுக்குப் புகழ்பெற்றார்கள். ஆனால் அந்த மரபு பகாங்கின் கேமரன் மலைத் தமிழரை எட்டவில்லை; அங்கே தேயிலை வந்ததே மிகவும் பிந்தி. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். தமிழ்த் தொழிலாளர் குடியேறினர். 1948 முதல் 1960 வரை நீடித்த மலாயா அவசரகாலத்தில் அனுமதியின்றி ஆயுதம் ஏந்துவது மரணதண்டனைக்குரிய குற்றம். தோட்டத்து லயங்களில் துப்பாக்கி மரபு வேர்விட வாய்ப்பே இருக்கவில்லை. இன்றும் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி செய்யவோ வைத்திருக்கவோ கூடாது; சட்டவிரோதமாக வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டின் கடுந்தண்டனைச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும்.

அதே கேமரன் மலையில் குழலையே உயிராகக் கொண்ட வேறொரு கருவி உண்டு: செமாய்ப் பழங்குடி மக்களின் ஊதுகுழல். நெடுங்கணு உள்ள மலைமூங்கிலைத் தேடி எடுத்து, உட்குழலை வெளிக்குழலுக்குள் செருகிச் செய்கிறார்கள். அம்பு முனையில் தடவுவது ‘ஈப்போ’ எனும் நச்சு மரத்தின் பால். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பட்டியலிட்ட சில உயிரினங்களை மட்டும் தம் உணவுக்காக வேட்டையாட செமாய் உள்ளிட்ட ஓராங் அஸ்லி பழங்குடி மக்களுக்கு இடமளிக்கிறது, விற்பதற்காக அல்ல.