1935: இரண்டு மேடைகள், ஒரு கிளாரினெட்

1935 ஆகஸ்ட் 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பாலமர் நடனக்கூடத்தில், பென்னி குட்மன் என்ற 26 வயதுக் கிளாரினெட்காரர் தம் குழுவோடு மேடை ஏறினார். நடனமாட வந்த கூட்டம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மேடையைச் சூழ்ந்துகொண்டு கேட்டது. அமெரிக்க இசை வரலாறு எழுதுபவர்கள் ‘ஸ்விங்’ காலத்தை அந்த இரவிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். அதே ஆண்டு டிசம்பரில், சென்னை அடையாற்றில், பிரம்மஞான சபையின் வைர விழாவை ஒட்டி ருக்மிணி தேவி, தேவதாசிகளின் ஆட்டமான சதிரை முதன்முறையாக ஆடினார். பரதநாட்டியத்தின் இன்றைய மேடை வடிவம் அந்த மாலையிலிருந்து கிளைத்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் பொதுவாக ஒரு கருவி உண்டு. பாலமரில் அது பதின்மூன்று பேருக்கு முன்னால் வந்து நின்றது. அடையாற்றில் உருவான புதிய அரங்கிலோ அதற்கு இடமே இல்லாமல் போயிற்று.

கிளாரினெட் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்தில், 1700-ஐ ஒட்டி, டென்னர் என்ற குழல் செய்பவரின் பட்டறையில் உருவானது. உலகெங்கும் அதைக் கொண்டுசேர்த்தது ராணுவப் பேண்டு. தூக்கிக்கொண்டு நடக்கலாம், வெட்டவெளியில் ஊதினாலும் கேட்கும் என்பதால் படைகளோடு அதுவும் கப்பல் ஏறியது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் அதைப் படைவீரர்களிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள் கறுப்பின மக்களும் கிரியோல்களும். நம் பக்கத்தில் தஞ்சை மராட்டிய அரண்மனை. மன்னர் இரண்டாம் சரபோஜி ஐரோப்பிய முறைப் பேண்டு ஒன்றையே வைத்திருந்தார். முத்துஸ்வாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்கள் சென்னைக் கோட்டைப் பேண்டின் மெட்டுகளிலிருந்து பிறந்தவை. தமிழ்நாட்டுச் சங்கீதத்தில் பேண்டின் காலடி எங்கெல்லாம் பதிந்திருக்கிறது என்று யாராவது உட்கார்ந்து எழுதினால் பெரிய புத்தகமாகிவிடும்.

கோயில் சார்ந்த இசையில் இரண்டு மேளங்கள் இருந்தன. நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்தது பெரிய மேளம். சதிருக்கு வாசித்தது சின்ன மேளம். சின்ன மேளத்தில் நட்டுவனாரின் தாளம், மத்தளம், சுருதிக்குத் துத்தி, பாட்டுக்கு நிழலாக முகவீணை என்று இருந்த அமைப்பில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் முகவீணையின் இடத்துக்குக் கிளாரினெட் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் மகாதேவ நட்டுவனார் என்பது இசைநூல்கள் தரும் செய்தி. ஆடுபவர் முன்னும் பின்னும் நகர, குழுவும் பின்னாலேயே நகரும். கிளாரினெட்காரரும் நின்றபடி, நடந்தபடி ஊதுவார். பதத்தில் பாடகி ஒரு சொல்லை விரித்துப் பாடும்போது அந்தச் சங்கதியைப் பிடித்துக்கொண்டே போவது அவர் வேலை. தனக்கென ஒரு கச்சேரி கிளாரினெட்டுக்குக் கிடையாது.

குட்மன் வந்த வழி வேறு. சிகாகோவின் ஏழை யூதத் தையற்காரரின் பன்னிரண்டு பிள்ளைகளில் ஒன்பதாமவர். பிரான்ஸ் ஷெப் என்ற ஜெர்மன் ஆசிரியரிடம் முறையான பாடம். அதே ஆசிரியரிடம் ஜிம்மி நூன், பஸ்டர் பெய்லி போன்ற கறுப்பினக் கிளாரினெட்காரர்களும் படித்தார்கள். 1934 டிசம்பரில் நியூயார்க்கிலிருந்து என்.பி.சி. வானொலியில் ‘லெட்ஸ் டான்ஸ்’ என்ற சனிக்கிழமை இரவு நிகழ்ச்சி தொடங்கியது. பிஸ்கட் கம்பெனி ஒன்றின் உபயம். மூன்று குழுக்கள் மாறிமாறி வாசித்தன. குட்மன் குழு தன் சூடான உருப்படிகளை வாசிக்கும் நேரத்தில் நியூயார்க் தூங்கியிருக்கும். மேற்குக் கரையில் மணி மூன்று மணி நேரம் பின்னால் என்பதால், கலிபோர்னியாவின் இளைஞர்கள் விழித்திருந்து கேட்டார்கள். குழு ஊர் ஊராகப் போய் வரவேற்பில்லாமல் சோர்ந்து பாலமருக்கு வந்தபோது நடந்த அதிசயத்துக்குக் காரணம் இந்த மணிக்கணக்குதான். மேதைமை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் மேதைமைக்கு அலைவரிசை வேண்டியிருந்தது.

அந்தக் காலத்து இசைத்தட்டுகளைக் கர்நாடக சங்கீதக் காது முதல்முறை கேட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். தலைவர் எங்கே என்று தேடும். மூன்று நிமிடத் தட்டில் குட்மனின் தனிவாசிப்பு சிறு துண்டாகத்தான் வரும். மற்றதெல்லாம் டிரம்பெட் வரிசையும் சாக்ஸபோன் வரிசையும் ஒன்றையொன்று கேள்வி கேட்டு, பதில் சொல்லி, ஒரே சொற்கட்டை இருபுறமும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. அந்த ஏற்பாடுதான் ஸ்விங்கின் உயிர். 1935 ஜூலை 1 அன்று பதிவான ‘கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்’ இதற்கு நல்ல பாடம். ஜெல்லி ரோல் மார்ட்டனின் பழைய உருப்படியைக் குழுவுக்காகப் பிரித்து எழுதியவர் பிளெச்சர் ஹெண்டர்சன். முதலில் பனி பெரிகனின் டிரம்பெட் வழி திறக்கும். பிறகு கிளாரினெட் உள்ளே வரும். கடைசியில் பித்தளைக் கருவிகளும் மரக்கருவிகளும் சின்னச் சின்ன அடிகளில் மோதிக்கொண்டு முடிவுக்கு ஓடும். நம்மில் தலைமை என்றால் ஆலாபனை. அங்கே தலைமை என்றால் பதின்மூன்று பேர் மூச்சையும் ஒரே இடத்தில் நிறுத்தி, ஒரே இடத்தில் விடவைப்பது.

இன்னொரு கிளாரினெட்காரர் ஆர்ட்டி ஷா. குட்மனைவிட ஒரு வயது இளையவர். ஒலியில் என் ஓட்டு ஷாவுக்குத்தான். குட்மனுடையது துல்லியம், துடிப்பு, சில சமயம் பதற்றம். ஷாவினுடையது அகலம். 1938 ஜூலை 24 அன்று அவர் பதிவு செய்த ‘பிகின் தி பெகின்’ வழக்கமான 32 அளவைச் சட்டகத்துக்கு அடங்காத 108 அளவைப் பாட்டு. கோல் போர்ட்டர் எழுதி, சந்தையில் எடுபடாமல் கிடந்தது. ஷா ஊதியபின் ஊரெல்லாம் அதுதான். புகழ் தம்மைத் துரத்துகிறது என்று அலுத்துக்கொண்ட அவர் 1954-இல் கருவியைக் கீழே வைத்தார். 2004 வரை வாழ்ந்தும் பழையபடி கையில் எடுக்கவில்லை. நம் ஊரில் இப்படி ஒரு வித்வானை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இந்தத் தட்டுகளில் இந்தியாவின் பங்கு ஒன்று உண்டு. 78 சுழற்சித் தட்டு அரக்கால் செய்யப்பட்டது. அந்த அரக்கில் பெரும்பகுதி சோட்டா நாகபுரிக் காடுகளில் பலாசு, குசும்ப மரக்கிளைகளில் பூச்சி சுரந்தது. பழங்குடி மக்கள் கிளையிலிருந்து சுரண்டியெடுத்த பிசின் கல்கத்தாத் துறைமுகம் வழியே போய், குட்மனின் மூன்று நிமிடமாகத் திரும்பி வந்தது. 1942 ஏப்ரலில், போர் காரணமாக அரக்கு வரத்து சுருங்க, இசைத்தட்டுக்கான அரக்கை அமெரிக்க அரசு 70 விழுக்காடு வெட்டியது. புதுத் தட்டு வாங்க வருபவர் பழைய தட்டைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டிய நிலை. எத்தனை நல்ல பதிவுகள் அப்படிக் கரைந்து போயினவோ!

போர்க்காலக் கல்கத்தாவில் ஸ்விங் உள்ளூரிலேயே பதிவாகியது. பர்மாவிலிருந்து வந்த ருபென் சாலமன் என்ற யூதக் கிளாரினெட்காரர் ‘ஜைவ் பாய்ஸ்’ என்ற பெயரில் குழு நடத்திக் கொலம்பியா முத்திரையில் தட்டுகள் கொடுத்தார். கிராண்ட் ஹோட்டலில் பியானோ வாசித்துக் குழு நடத்திய டெடி வெதர்போர்ட் 1945-இல் அதே நகரத்தில் காலராவில் இறந்தார். சென்னையில் இதற்கு ஈடாகச் சொல்லக்கூடியது ரயில்வே சார்ந்த ஆங்கிலோ இந்தியர்களின் நடன இரவுகள். பெரம்பூரில் தொடங்கி ரயில் பாதை நெடுகக் குடியேறியவர்கள் அவர்கள். சென்னை சினிமா ஸ்டுடியோக்கள் மேற்கத்திய வாத்தியக்காரர்களைத் தேடியபோது கிடைத்தவர்களில் இந்தச் சமூகத்தினரும் உண்டு.

இனி அடையாறு. சதிரைப் பரதநாட்டியமாகச் சீரமைத்தபோது நட்டுவாங்கக் குழு பின்னாலிருந்து பக்கவாட்டுக்கு மாறி, உட்கார்ந்தது. அது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். கிளாரினெட் போய்ப் புல்லாங்குழல் வந்தது. ஒலி உரத்தது, கருவி அந்நியமானது என்று காரணங்கள் சொல்லப்பட்டன. உரத்தது என்பதை ஏற்கலாம். அந்நியம் என்பதை எப்படி ஏற்பது? பக்கத்திலேயே வயலின் உட்கார்ந்திருந்ததே! அதுவும் கப்பலில் வந்ததுதான். கோட்டைப் பேண்டுக்காரரிடம் பாலுஸ்வாமி தீட்சிதர் கற்றார் என்பது மரபுச் செய்தி. வயலின் சபைக்குப் போனது, கிளாரினெட் தேவதாசிகளோடு போனது. வேறுபாடு அவ்வளவுதான். கருவியின் பிறப்பை யாரும் விசாரிக்கவில்லை, அது பழகிய வீட்டைத்தான் விசாரித்தார்கள். 1947-இல் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் வந்து, பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டப்படி நின்றது. அந்தச் சட்டம் தேவைப்பட்டது. ஆனால் அந்த வீடுகளின் வாத்தியக்காரர்களுக்கு வேறு மேடை யாரும் போட்டுத் தரவில்லை. நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி தம் குழுவில் நெடுங்காலம் கிளாரினெட்டை வைத்திருந்தார். அது வெறும் பழைமைப் பிடிப்பாக எனக்குத் தோன்றவில்லை.

அமெரிக்கக் கதையிலும் இதே கணக்கு வேறு விதமாக ஓடுகிறது. ஹார்லெமில் பல ஆண்டுகள் குழு நடத்தி, 1934-இல் நொடித்துப்போன ஹெண்டர்சன், தம் ஏற்பாடுகளைக் குட்மனுக்கு விற்றார். கறுப்பினக் குழு வாசித்தபோது திறக்காத கதவுகள், அதே ஏட்டை வெள்ளையர் குழு வாசித்தபோது திறந்தன. 1938 ஜனவரி 16 அன்று கார்னகி ஹாலில் ஸ்விங் ஒலித்தபோது அந்தக் கலைக்கு மரியாதை கிடைத்துவிட்டதாக எழுதினார்கள், நம்மூர்ச் சபாக்களில் நாட்டியத்துக்கு மரியாதை கிடைத்ததாக எழுதியது போலவே. குட்மன் பக்கம் ஒன்று சொல்ல வேண்டும். ஹெண்டர்சனின் பெயரை அவர் மறைத்ததில்லை. கறுப்பினத்தவரான டெடி வில்சனையும் லயனல் ஹாம்ப்டனையும் 1936-லேயே தம்மோடு மேடையில் உட்கார வைத்தார். 1939-இல் ஹெண்டர்சனையே பியானோவுக்குச் சேர்த்துக்கொண்டார். அடையாற்றிலும் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற நட்டுவனார்கள் ஆசிரியர்களாக இருந்தார்கள். இருந்தும், காலப்போக்கில் நட்டுவாங்கமும் அந்தக் குடும்பங்களின் கையை விட்டுப் போயிற்று.

நாட்டிய மேடையை இழந்த கருவிக்குக் கச்சேரி மேடை வாங்கிக் கொடுத்தவர் திருச்சி ஏ.கே.சி. நடராஜன். 1931-இல் பிறந்தவர். தந்தை சின்னிகிருஷ்ண நாயுடுவும் கிளாரினெட்காரர். ஆலத்தூர் வெங்கடேச ஐயரிடம் வாய்ப்பாட்டு, இலுப்பூர் நடேச பிள்ளையிடம் நாகஸ்வரம் என்று இரு வழியிலும் பயின்றார். ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ என்ற பட்டம் டி.என். ராஜரத்தினம் பிள்ளை சூட்டியது. 2008-இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி. 2021-இல் காலமானார். 2022-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ பட்டியலில் மறைவுக்குப் பின் அவர் பெயர் வந்தபோது, விராலிமலை சதிர்க் கலைஞர் முத்துகண்ணம்மாளின் பெயரும் அதே பட்டியலில் இருந்தது.

அவர் சாதித்தது என்ன என்பதைக் கருவியின் உடம்பிலிருந்து பார்க்க வேண்டும். நாகஸ்வரத்தின் துளை கீழே போகப்போக விரியும். இரட்டைச் சீவாளி. மூச்சை இறுக்கினால் ஸ்வரம் சரியாக ஒரு ஸ்தாயி மேலே ஏறும், விரல்கள் மாறா. கிளாரினெட்டின் துளை நேர்க்குழாய். ஒற்றை ரீடு. இறுக்கினால் எட்டாவது ஸ்வரத்துக்குப் போகாது, பன்னிரண்டாவதுக்குத் தாவும். ஆகவே கீழ் ஸ்தாயியில் தோடிக்குப் பழகிய விரல் மேல் ஸ்தாயியில் உதவாது. இதோடு சாவிகள் வேறு. அவை சம இடைவெளி கொண்ட மேற்கத்திய ஸ்வரங்களுக்காகச் செய்யப்பட்டவை. நம் காந்தாரம் அசைய வேண்டிய இடம் சாவிகளுக்கு இடையில் கிடக்கிறது. அதை எட்ட வழி மூன்று: விரலைத் துளையிலிருந்து மெல்லச் சரிப்பது, உதட்டால் ரீடின் அழுத்தத்தை மாற்றுவது, வாயின் உள்வெளியைக் கூட்டிக் குறைப்பது. நியூயார்க்கில் 1924 பிப்ரவரி 12 அன்று கெர்ஷ்வினின் ‘ராப்சடி இன் புளூ’ அரங்கேறியபோது, ஏட்டில் ஓட்டமாக எழுதியிருந்ததை ராஸ் கோர்மன் ஒரே வழுக்கலாக இழுத்து ஊதி அதிரவைத்தார். அவர் பயன்படுத்தியதும் இதே வித்தைதான். அங்கே அது ஒரு தருணத்து வேடிக்கை. இங்கே தோடியோ கல்யாணியோ மூன்று மணி நேரம் அதிலேயே நிற்க வேண்டும். நம்மவர் பட்ட பாடு பெரிது.

1963-இல் டியூக் எலிங்டன் தம் குழுவோடு சென்னைக்கும் வந்தார். அந்தப் பயணத்தின் நினைவாக அவரும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் உருவாக்கி 1966 டிசம்பரில் பதிவு செய்த ‘பார் ஈஸ்ட் சூட்’ தொகுப்பில், டெல்லி மைனா ஒன்றின் குரலை ஜிம்மி ஹாமில்டனின் கிளாரினெட் பேசுகிறது. சாக்ஸபோனில் இதே பயணத்தை எதிர்த்திசையில் செய்தவர் கத்ரி கோபால்நாத். மைசூர் அரண்மனைப் பேண்டில் கேட்ட ஒலியை மறக்க முடியாமல் நாகஸ்வரத்தை விட்டு வந்தவர். 1980-இல் பம்பாய் ஜாஸ் விழாவில் ஜான் ஹாண்டியோடு வாசித்தார்.

தவில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு பரிந்துரை. குட்மன் குழு 1937 ஜூலை 6 அன்று பதிவு செய்த ‘சிங் சிங் சிங்’ தட்டின் இரு பக்கமும் நிரம்பி எட்டே முக்கால் நிமிடம் ஓடுகிறது. நடுவில் குழு முழுவதும் ஒதுங்கிக்கொள்ள, ஜீன் க்ரூப்பாவின் தோல் முழக்கத்துக்கு மேல் கிளாரினெட் மட்டும் தனியாக நடக்கும் இடம் வரும். நடராஜன் தவில் துணையோடு வாசித்த ராகம் ஒன்றை அதற்கு அடுத்ததாகப் போட்டுக் கேளுங்கள். பெரிய குழுவை எழுதிவைத்து ஆட்டுவித்த குட்மன், ஏட்டை மூடிவிட்டு நம் முறைக்கு மிக அருகில் வந்தது அந்தச் சில நிமிடங்களில்தான்.