துவாஸ் விடுதிகளின் சதுர மீட்டர்: தொற்றுத் தடுப்பில் இடத்தின் வரலாறு

பலர் ஒன்றாக உறங்கும் இடத்தில் தொற்றை எப்படித் தடுப்பது என்ற கேள்விக்குச் சிங்கப்பூர் ஒன்றரை நூற்றாண்டாக இரண்டு விடைகளை மாறி மாறிச் சொல்லி வந்திருக்கிறது. நோய்ப்பட்டவரை ஒதுக்கி வைப்பது ஒன்று. உறங்குபவர்களுக்கு இடையே இடம் விடுவது மற்றொன்று. முன்னதை ஓர் ஆணையிலேயே செய்துவிடலாம். பின்னதற்கு நிலமும் பணமும் வேண்டும். அதனால் அது எப்போதும் பிந்தியே வந்தது என்பதைத் துவாஸ் ஊழியர் விடுதிகள் வரை தொடர்ந்து வரும் சான்றுகள் காட்டுகின்றன.

1873-இல் சிங்கப்பூரில் காலரா பரவியது. மறு ஆண்டே செயின்ட் ஜான்ஸ் தீவில் தனிமைப்படுத்தும் நிலையம் திறக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறி வந்த தமிழ்க் கூலிகளில் பலருக்குச் சிங்கப்பூர் என்று முதலில் காலில் பட்டது அந்தத் தீவின் மணல்தான். 1930-களில் அது உலகின் மிகப் பெரிய தனிமைப்படுத்தும் நிலையங்களுள் ஒன்றாக வளர்ந்திருந்தது. ஆனால் தீவைக் கடந்து நகருக்குள் வந்தவர் எந்த அறையில், எத்தனை பேரோடு படுத்தார் என்பதை நெடுங்காலம் யாரும் அளக்கவில்லை.

அளந்தவர் சுகாதார வல்லுநர் டபிள்யூ. ஜே. சிம்ப்சன். 1907-இல் வெளியான அவருடைய சுகாதார அறிக்கை, கடைவீடுகளுக்குள் பலகைத் தடுப்புகளால் பிரிக்கப்பட்ட, சன்னலே இல்லாத அறைகளைக் காட்டியது. முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளுக்குள் காற்றும் வெளிச்சமும் புகவில்லை. அங்கே காசநோய் குடியிருந்தது. வீட்டு வரிசைகளுக்குப் பின்னால் சந்துகளைத் திறக்க வேண்டும் என்பது அவர் சொன்ன முக்கியமான தீர்வு. 1927-இல் அமைந்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளையும் அந்தப் பணியைத் தொடர்ந்தது. இன்றும் தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) டன்லப் ஸ்திரீட்டுக்குப் பின்னால் நடந்து பாருங்கள். ஒடுங்கிய சந்து, அதில் ஓடும் வடிகால், உணவகங்களின் கேஸ் சிலிண்டர்கள், காயப்போட்ட துண்டுகள். அந்தச் சந்து நகரின் தொற்றுத் தடுப்பு வரலாற்றில் ஓர் ஆவணம் என்றே சொல்வேன். மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் சிம்ப்சன் காற்றைப் பற்றிப் பேசினார்.

அதன் பின் கவனம் மருத்துவமனைகள் பக்கம் திரும்பியது. 2003-இல் சார்ஸ் 238 பேரைத் தாக்கி 33 உயிர்களைக் கொண்டுபோனபோது, டான் டோக் செங் மருத்துவமனை அதற்கென ஒதுக்கப்பட்டது. தேசியத் தொற்றுநோய் நிலையம் 2019-இல் திறக்கப்பட்டது. இந்த ஏற்பாடுகள் உலகத் தரத்தவை, அதில் ஐயமில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் நகரின் மேற்குக் கோடியான துவாஸில், கப்பல் பட்டறைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அருகே, வெளிநாட்டு ஊழியர்களுக்காக ஆயிரக்கணக்கான கட்டில்கள் கொண்ட விடுதிகள் எழுந்து கொண்டிருந்தன.

அந்த அறைகளின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். இருதட்டு இரும்புக் கட்டில்கள். கட்டில் கம்பியில் கட்டிய கயிற்றில் லுங்கியும் வேலைச் சட்டையும் தொங்கும். கீழ்த்தட்டில் படுப்பவர் பழைய போர்வையைத் திரையாகக் கட்டியிருப்பார். அவருக்கென்று உள்ள தனியிடம் அந்தப் போர்வைக்குள் அடங்குவதுதான். விடியுமுன் லாரி வந்துவிடும் என்பதால் கழிப்பறை வாசலில் வரிசை நிற்கும். 2021-க்கு முந்தைய நியதிப்படி 15 பேருக்கு ஒரு கழிப்பறை. தலைக்கு 4.5 சதுர மீட்டர். அந்தக் கணக்கில் சமையலறையும் குளியலறையும் சேர்த்தி. ஓர் அறையில் இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்பு இருக்கவில்லை. 2016 சனவரியில் நடப்புக்கு வந்த வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிச் சட்டம், 1,000 அல்லது அதற்கு மேற்பட்டோர் தங்கும் விடுதிகளுக்கு உரிமம் கட்டாயமாக்கியது. தொற்று வந்தால் தனிமைப்படுத்துவதற்கான திட்டத்தையும் கேட்டது. திட்டம் இருந்தது, ஆனால் அறையின் அளவு மாறவில்லை.

2020 ஏப்ரலில் கொவிட்-19 அந்த அறைகளுக்குள் வேகமாகப் பரவியது. அரசு கையிலெடுத்தது செயின்ட் ஜான்ஸ் தீவின் முறையைத்தான்: விடுதிகள் ஒவ்வொன்றாகத் தனிமைப்படுத்தும் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. அதே மாதம் 2-ஆம் தேதி முதல் தாதிமை இல்லங்களில் பார்வையாளர்களுக்குத் தடை வந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் வேறுபாடு புரியும். தாதிமை இல்லத்தில் கிருமி வெளியிலிருந்து, பார்க்க வருபவரோடும் பராமரிப்பாளரோடும் வருகிறது; கதவைக் காப்பது பலன் தரும். விடுதியில் அது ஏற்கெனவே பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறது. கதவை அடைத்தால் உள்ளிருப்பவர்களுக்குள் பரவுவது நிற்காது.

அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான கணக்கு இதை உறுதிசெய்கிறது. விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 ஊழியர்களில் 54,505 பேருக்குப் பிசிஆர் சோதனையில் தொற்று உறுதியானது. இரத்தப் பரிசோதனை மேலும் 98,289 பேருக்கு ஏற்கெனவே தொற்று வந்து போனதைக் காட்டியது. மொத்தத்தில் 47 விழுக்காடு. பெரும்பாலோர் இளைஞர்கள் என்பதால் உயிரிழப்பு மிகக் குறைவாக இருந்தது. விடுதிக் கழிவுநீரைச் சோதித்துப் பரவலை முன்கூட்டி அறிவது, 14 நாளுக்கொரு முறை சோதிப்பது, ஓய்வு நாட்களை மாற்றி அமைப்பது என நல்ல முறைகள் பல அப்போது பழக்கத்துக்கு வந்தன.

இரண்டாவது விடை 2021 செப்டம்பரில் வந்தது. புதிய விடுதிகளில் அறைக்கு 12 பேர் மட்டுமே. பொதுவசதிகளைச் சேர்க்காமல் தலைக்கு 4.2 சதுர மீட்டர். கட்டில்களுக்கிடையே ஒரு மீட்டர். ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை, அதுவும் அறையோடு சேர்ந்தது. 1,000 கட்டிலுக்குத் தனிமைப்படுத்த 10 கட்டில். என் கணிப்பில், சிம்ப்சனுக்குப் பிறகு ஊழியர் உறங்கும் இடத்தைப் பற்றிச் சிங்கப்பூர் எடுத்த ஆகப் பெரிய முடிவு இதுதான். அதே மாதம் தடுப்பூசி போட்ட சில நூறு ஊழியர்கள், ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு, தேக்காவுக்குச் சென்றுவர அனுமதிக்கப்பட்டனர்.

பழைய விடுதிகளுக்கு 2023 அக்டோபரில் காலக்கெடு விதிக்கப்பட்டது: 2030-க்குள், பொதுவசதிகளைச் சேர்க்காமல், தலைக்கு 3.6 சதுர மீட்டர்; 2040-க்குள் புதிய விடுதிகளுக்கான முழு நியதி. காலம் நீண்டதுதான், ஆனால் எண் எழுதப்பட்டுவிட்டது, இனி அதைக் காட்டிக் கேட்கலாம்.

ஒரு குறை மட்டும் நெஞ்சை உறுத்துகிறது. 1874-இன் தீவைப் பற்றியும் 1907-இன் அறைகளைப் பற்றியும் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் அதிகாரிகளின் ஏடுகள். அங்கே படுத்த தமிழரின் சொல் ஏறக்குறைய இல்லை. 2020-இல் துவாஸில் அடைபட்டிருந்தவர்களில் பலர் இப்போது புதுக்கோட்டையிலும் சிவகங்கையிலும் இராமநாதபுரத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. ஆய்வு மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களிடம் இப்போதே போக வேண்டும்.