அறிவிப்புப் பலகையின் கடைசி வரி: ஆங்கிலத் துறையின் கதை, கீழ்மலையிலிருந்து

ஜூலை பிறந்துவிட்டால் கல்லூரி ஆங்கிலத் துறைகளின் அறிவிப்புப் பலகை நிறைய ஆரம்பிக்கும். எந்தக் கல்லூரி என்று சொல்லவே தேவையில்லை, வரிசை பெரும்பாலும் ஒன்றுதான். ஆங்கில இலக்கிய மன்றத் தொடக்க விழா. சிறப்புச் சொற்பொழிவு. கருத்தரங்கம், ஆய்வுச் சுருக்கம் அனுப்பக் கடைசித் தேதி. மொழிபெயர்ப்புப் பயிலரங்கம். ஏப்ரல் 23 ஷேக்ஸ்பியர் நாளுக்கு இப்போதே நாடகத் தேர்வு. எல்லாம் முடிந்த பிறகு, அடியில் ஒரு வரி: முதலாமாண்டு மாணவர்களுக்கு பிரிட்ஜ் கோர்ஸ்.

பாச்சலூரிலிருந்தோ கே.சி.பட்டியிலிருந்தோ தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து இறங்கிவரும் ஒரு பெண்ணுக்கு அந்தப் பலகையில் உயிர்நாடியான வரி அந்தக் கடைசி வரிதான். அது ஏன் கடைசியில் இருக்கிறது? யாரோ ஒரு துறைத்தலைவரின் அலட்சியம் என்று முடித்துவிட முடியாது. இதற்குப் பின்னால் நூற்றைம்பது வருஷத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. அதில் ஒரு பங்கு நம்ம பழனி மலையிலேயே நடந்தது.

ஒரு துறை, இரண்டு வேலை

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளில் பாடத்திட்டம் பகுதி பகுதியாகப் பிரிந்திருக்கும். பகுதி 1 தமிழ் அல்லது வேறொரு மொழி. பகுதி 2 ஆங்கிலம். பகுதி 3தான் மேஜர். ஆகவே ஆங்கிலத் துறைக்கு இரண்டு வேலை. பி.ஏ., எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்க வருபவர்களுக்கு இலக்கியம் சொல்லித்தருவது ஒன்று. தாவரவியல், வணிகவியல், வரலாறு என்று கல்லூரியில் எது படித்தாலும் எல்லோரும் எழுதியாக வேண்டிய பகுதி 2 ஆங்கிலத்தை நடத்துவது இன்னொன்று.

தலைக்கணக்குப் பார்த்தால் இரண்டாவது வேலைதான் பெரிது. பெருமைக்கணக்குப் பார்த்தால் முதலாவது. அறிவிப்புப் பலகை எழுதப்படுவது பெருமைக்கணக்கில்.

மலையில் ஆங்கிலம் முதலில் வந்த வழி

கீழ்மலைக்கு ஆங்கிலம் எந்தத் துறை வழியாகவும் வரவில்லை. காப்பித் தோட்டம் வழியாக வந்தது. எஸ்டேட், ரைட்டர், பல்பர், பார்ச்மெண்ட், செர்ரி என்று பள்ளிக்கூட வாசல் மிதிக்காத பாட்டிமார்கூட சரளமாகச் சொல்வார்கள். வேலைக்கு வேண்டிய சொல் வாயில் தானாக ஒட்டிக்கொள்ளும். பரீட்சைக்கு வேண்டிய ஆங்கிலம் அப்படி ஒட்டுவதில்லை.

மேலே கொடைக்கானலில் கதை வேறு. 1834இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷனின் பாதிரிமார், சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பயந்து, 1845இல் மலையில் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு வீடுகள் கட்டினார்கள். கொடைக்கானல் ஊரின் தொடக்கம் அதுதான். அந்த மதுரை மிஷன் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனின் கிளை. யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டையில் 1823இல் அவர்கள் தொடங்கிய செமினரி தமிழ் உலகத்தின் முதல் ஆங்கில உயர்கல்வி நிலையங்களில் ஒன்று. அதன் முதல் தலைவர் டேனியல் பூர் 1830களில் மதுரைக்கே வந்து சில ஆண்டுகள் பள்ளிக்கூடங்கள் நடத்திவிட்டுத் திரும்பினார்.

இனிதான் விஷயம். 1855இல் வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. மாணவர் வராமல் மூடவில்லை. பாஸ்டன் தலைமையகத்திலிருந்து ரூஃபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து பார்த்தார். ஆங்கிலம் படித்தவன் ஊரில் ஊழியம் செய்யாமல் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போய்விடுகிறான், இனி தாய்மொழிக் கல்வியே போதும் என்பது அவருடைய கொள்கை. மதுரை மிஷனிலும் அதே காற்றுத்தான் அடித்தது. இதை ஏதோ தமிழ்ப்பற்று என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. படித்தவன் ஊரை விட்டுப் போகக் கூடாது என்ற கணக்கு.

ஜனங்கள் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கியது. 1881இல் மதுரைக்குப் பக்கத்தில் பசுமலையில் வாஷ்பர்ன் தலைமையில் கல்லூரி வகுப்பு ஆரம்பமானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மதுரைக்கு இடம் மாறி இன்றைய அமெரிக்கன் கல்லூரி ஆனது. இன்னொரு பக்கம், 1901இல் கொடைக்கானலில் ஹைகிளர்க் பள்ளி திறக்கப்பட்டது. மிஷனரிகளின் பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே படிப்பதற்கான பள்ளி அது. இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி அதன் வழிவந்ததுதான்.

ஒரே மலைதான். மேலே ஒரு பிள்ளைக்கு ஆங்கிலம் பிறப்புரிமை. கீழே ஒரு பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டுமா வேண்டாமா என்று வேறு யாரோ கூடி முடிவெடுக்கிறார்கள். அந்தச் சரிவு இன்னும் முழுசாகச் சமனாகவில்லை.

சென்னையில் ஷேக்ஸ்பியர் ஏறிய மேடை

சென்னையில் 1841இல் திறந்த அரசு உயர்பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்தவர் பவல் துரை. அந்தப் பள்ளிதான் பிறகு மாநிலக் கல்லூரி. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்ததும் அதன் முதல் பட்டதாரிகளாகத் தேறிய இருவர் சி. வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும். இருவருமே மூடப்பட்ட அதே வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். தாமோதரம் பிள்ளை பிற்பாடு தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்தார். ஆங்கிலம் படித்தால் தமிழ் போய்விடும் என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு பேர் போதும்.

ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக இங்கிலாந்தில் வேரூன்றுவதற்கு முன்பே இந்தியாவில் வேரூன்றிவிட்டது என்பதை கௌரி விஸ்வநாதன் 1989இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். ஆக்ஸ்போர்டில் அது தனிப் பட்டப்படிப்பானது 1890களில். கேம்பிரிட்ஜில் 1917. நம்ம ஊர்ப் பையன்கள் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே ஷேக்ஸ்பியரை மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் வில்லியம் மில்லர், லியர், மெக்பெத், ஹாம்லெட், ஒத்தெல்லோ நாடகங்களை வாழ்க்கைக்கு வழிகாட்டும் வரைபடம் மாதிரி விளக்கிப் புத்தகமே எழுதினார். துறையின் கௌரவம் அங்கேதான் உட்கார்ந்தது. மன்ற விழா, சொற்பொழிவு, நாடகம் எல்லாம் அந்த வழி வந்த சொத்து.

இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த ஒரு மாணவர் 1905 வாக்கில் அந்த உதவித்தொகையை இழந்தார். காரணம் ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தேறாதது. பெயர் சீனிவாச ராமானுஜன். கணக்கில் உலகமே பின்னாளில் அண்ணாந்து பார்த்த ஆளுக்கே கட்டாய ஆங்கிலம் கதவைச் சாத்தியது. கேம்பிரிட்ஜிலிருந்து கடிதம் வரும் அதிர்ஷ்டம் அவருக்கு இருந்தது. நம்ம ஊர்ப் பிள்ளைகளில் யாருக்கு இருக்கிறது? பகுதி 2இல் ஒரு அரியர் விழுந்தாலும் பட்டம் கைக்கு வராது. ஆங்கிலத் துறையின் இரண்டாவது வேலை எவ்வளவு கனமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

முதல் வேலையும் வீண் இல்லை

இலக்கியப் பக்கத்தைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழுக்கு ஆங்கிலத் துறைகள் கொடுத்தது கொஞ்சநஞ்சமல்ல. தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி முதல்வராக இருந்த ஆங்கிலப் பேராசிரியர் அ. சீனிவாசராகவன் ‘வெள்ளைப் பறவை’ கவிதைத் தொகுப்புக்காக 1968இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். நகுலன் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியர். சங்கப் பாடல்களை உலகத்துக்கு ஆங்கிலத்தில் கொண்டுபோன ஏ. கே. ராமானுஜன் இளம்வயதில் மதுரை தியாகராசர் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர்.

அமெரிக்கன் கல்லூரியில் பால் லவ் முயற்சியில் 1980களில் இந்திய ஆங்கில இலக்கியத்துக்கும் மொழிபெயர்ப்புக்குமான ஆய்வு மையம் ஒன்று உருவானது. அங்கிருந்து 1988இல் ‘காவ்ய பாரதி’ கவிதை இதழ் புறப்பட்டது. ஆகவே பலகையில் மொழிபெயர்ப்புப் பயிலரங்கம் என்று பார்த்தால் பேர் கொடுங்கள். இரண்டு மொழி கையில் இருக்கும் மலைப் பிள்ளைக்கு அது சொந்த நிலம்.

கடைசி வரியை மேலே கொண்டுவரப் பார்த்தவர்கள்

இரண்டாவது வேலையை யாருமே யோசிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 1959இல் சென்னை மாகாணத்தில் ஆங்கிலம் கற்பித்தல் இயக்கம் ஒன்று தொடங்கியது. கொஞ்சம் பேருக்குப் பயிற்சி கொடுப்பது, அவர்கள் இன்னும் பலருக்குக் கொடுப்பது, இப்படியே சுமார் 27,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களை எட்டுவது என்று திட்டம். பனிப்பந்து உருளஉருளப் பெருப்பதுபோல என்று அதற்குச் செல்லப்பெயரும் வைத்தார்கள். 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு, பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் வேறொரு சோதனை செய்தார். இலக்கணத்தை முன்னால் வைக்காமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்துக் கணக்குப்போட வைத்தால் மொழி கூடவே வரும் என்பது அவர் எண்ணம். காப்பித் தோட்டத்துப் பாட்டி பல்பர் என்ற சொல்லைக் கற்ற வழியும் அதுதானே? உலகம் முழுக்க ஆங்கில ஆசிரியப் பயிற்சியில் இன்றும் பிரபுவைப் படிக்கிறார்கள்.

இதற்கு நடுவே 1978இல் பிளஸ் டூ வந்தது. அதோடு கல்லூரியில் இருந்த புகுமுக வகுப்பு போயிற்று. பி.யு.சி. ஒரு வருஷம் பள்ளித் தமிழிலிருந்து கல்லூரி ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்ள அவகாசம் கொடுத்தது. அந்த ஒரு வருஷம் செய்த வேலையைத்தான் இப்போது சில நாள் பிரிட்ஜ் கோர்ஸ் செய்யவேண்டியிருக்கிறது. கடைசி வரியின் கனம் புரிகிறதா?

மலைக்கு வந்த பல்கலைக்கழகம்

1984இல் கொடைக்கானலிலேயே அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் வந்தது. அங்கேயும் ஆங்கிலத் துறை உண்டு. பாதிரிமார் ஓய்வெடுக்க ஏறிய மலையில் தமிழ்நாட்டுப் பெண்கள் ஆங்கிலத்தில் ஆராய்ச்சி செய்ய ஏறுகிறார்கள். 1845இலிருந்து எண்ணினால் 139 வருஷம். 2022இல் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் வந்துவிட்டது. கீழ்மலைப் பெண் இன்று கல்லூரிக்குள் நுழைவது முன்னைவிடச் சுலபம். நுழைந்த பிறகு பகுதி 2 தாளில் தடுக்கி விழாமல் வெளியே வருவதுதான் பாக்கி.

அதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். இந்த வருஷத்துப் பலகையிலேயே செய்யலாம். பிரிட்ஜ் கோர்ஸை முதல் வரியாக எழுதுங்கள். நல்ல வாத்தியாரைப் போடுங்கள், புதுசாகச் சேர்ந்த தற்காலிக ஆசிரியர் தலையில் கட்டிவிடாதீர்கள். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் பி.எஸ்.சி. பிள்ளைக்கும் இரண்டு வசனம் கொடுங்கள். மேடையில் வாய்விட்டுச் சொன்ன வாக்கியம் பரீட்சைத் தாளில் மறக்காது. மன்ற விழாவுக்கு அழைக்கும் சிறப்பு விருந்தினர்களில் வருஷத்துக்கு ஒருவராவது தமிழ்வழியில் படித்து ஆங்கிலத்தைப் பிடித்தவராக இருக்கட்டும்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு வழியாக மலை ஏறும் சாயங்கால பஸ் யாருக்காகவும் காத்திருக்காது. கல்லூரி விட்ட பிறகு வகுப்பு வைத்தால் பாச்சலூர்ப் பிள்ளை வரமாட்டாள். வராதவளை ஆர்வமில்லாதவள் என்று எழுதிவிடுவார்கள். ஆகவே வகுப்பு நேரத்தை முடிவு செய்யும் முன்னால் பஸ் நேரத்தை ஒரு தடவை விசாரித்துவிடுங்கள்.