எழுத்தும் ஒலியும்: நம் குழந்தைகள் படிக்கக் கற்ற வரலாறு

ஒரு சமுதாயத்தின் கல்வி வளர்ச்சியை அதன் பட்டதாரிகளின் எண்ணிக்கை கொண்டு அளப்பது வழக்கம். பல்லாண்டுகளாகக் கரும்பலகையின் முன் நின்ற நாம் வேறோர் அளவுகோலைக் கொள்கிறோம். முதல் வகுப்பில் அமர்ந்த நம் குழந்தை, எழுத்தைக் கண்டதும் அதன் ஒலியை எழுப்பி, ஒலிகளைக் கூட்டிச் சொல்லாகப் படிக்கிறதா என்பதே அது. பட்டங்கள் யாவும் அம்முதற்படியின்மேல் எழுந்தவையே. வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் இளைஞர்கள் அம்முதற்படியின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

தமிழ் எழுத்து ஒலியை அடிப்படையாகக் கொண்டது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என எழுத்துகள் 247. ஆயினும் உயிரும் மெய்யுமாகிய 30 ஒலிகளையும், அவை கூடும் முறையையும் அறிந்தவன் பிறவற்றை எளிதில் அறிவான். நாவும் அண்ணமும் பல்லும் இதழும் பொருந்த இவ்வொலிகள் பிறக்கும் வகையைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துள்ளார். ககரத்தை அடுத்து ஙகரமும், சகரத்தை அடுத்து ஞகரமும் நிற்பது, அவ்விணைகள் வாயில் ஓரிடத்தே பிறப்பதனாலாகும்.

இத்தகைய எழுத்தைத் திண்ணைப் பள்ளிகள் கற்பித்த முறை வேறு. மாணவன் மணலில் விரலால் எழுதி, ‘ஆனா, ஆவன்னா’ என்று உரக்கக் கூறினான். விரலும் கண்ணும் நாவும் ஒருங்கே உழைத்தமையால் எழுத்தின் வடிவம் மனத்தில் நின்றது. இஃது அம்முறையின் சிறப்பு. ஆனால் அவன் கூறியது எழுத்தின் பெயர், ஒலியன்று. ‘படம்’ என்பதை எழுத்துக் கூட்டுகையில் ‘பானா, டானா, இம்மன்னா’ என்றான். இப்பெயர்களை எத்தனை முறை அடுக்கினும் ‘படம்’ என்னும் சொல் பிறவாது. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கமும் பெரும்பாலும் இல்லை. ஆகவே பாடலை முன்னரே மனப்பாடம் செய்தவனே சுவடியைத் தடையின்றிப் படித்தான். படித்தோர் நிறைந்த வீட்டுப் பிள்ளைக்கு இக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. வீட்டாரே அதனை நிரப்பினர்.

நம் பிள்ளைகளுக்கோ அந்தத் திண்ணையே எட்டாதிருந்தது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்ட கணக்கெடுப்பின் முடிவு 1826இல் தொகுக்கப்பட்டது. பள்ளிகள் 12,498, மாணவர் 1,88,650. திண்ணை வீட்டின் பகுதி. வீடு தெருவின் பகுதி. தெருவில் கால் வைக்கவே தடை செய்யப்பட்டோரின் பிள்ளைகள் திண்ணையில் ஏறுவது எங்ஙனம்?

அதே முறை கடல் கடந்து சென்றது என்பதை இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். 1789இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் குழந்தைகளுக்கான இல்லத்தில் ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார் கண்காணிப்பாளராக அமர்ந்தார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் புகுத்த விழைந்தார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. ஆகவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அச்சிறுவன் வென்று காட்டினான். 1797இல் பெல் இதனை இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்னும் பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி தந்தது. ஊரின் மணல் எழுத்து இலண்டனை அடைந்துவிட்டது. கூப்பிடு தொலைவிலிருந்த சேரியை அடைய அதற்கு நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கிறித்தவத் தொண்டர்களின் பள்ளிகள் சில இடங்களில் முன்னரே கதவு திறந்தன. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றின் அருகே நம் மக்களுக்கென இலவசப் பள்ளி தொடங்கினார். இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா முதலான நம் தலைவர்கள் கல்வியுரிமைக்காக இடையறாது வாதாடினர். 1920களில் தொழிலாளர் துறையின் பொறுப்பில் தனிப் பள்ளிகள் பெருகின. நம் பெரியோர் ‘லேபர் பள்ளிக்கூடம்’ என்று குறிப்பிட்டவை இவையே. இன்றைய ஆதி திராவிடர் நலப் பள்ளிகள் அவ்வழியில் வந்தவை.

கதவு திறந்தது, ஆனால் பெயரை ஒப்பிக்கும் பழக்கமும் உடன் நுழைந்தது. நாம் பணியாற்றிய பள்ளியொன்றில் மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் சுவரில் தொங்கிய எழுத்துகள் அனைத்தையும் வரிசையாக ஒப்பித்தான். நடுவே ‘ம’ என்னும் எழுத்தைத் தொட்டுக் கேட்டபோது, ககரத்திலிருந்து தொடங்கி எண்ணி வந்தே விடை கூறினான். ‘இவர்களுக்கெல்லாம் படிப்பு ஏறாது’ என்றார் உடனிருந்த ஆசிரியர். அச்சொல் இன்றும் நம் நெஞ்சில் முள்ளாக உள்ளது. முறையின் குறையைப் பிறப்பின் குறையாக்குவது எத்துணை எளிது! அம்மாணவனுக்கு ட, ப, ம என்னும் மூன்றெழுத்துகளை மட்டும் ஒலியாகவே பயிற்றினோம். புள்ளி வைத்தால் ஒலி குறுகுவதையும் காட்டினோம். படம், மடம், பட்டம், மட்டம் எனச் சொற்கள் தாமே பிறந்தன. பின்னர்க் கடல், பகல், தங்கம் ஆகியவற்றில் ஒரே ககரம் வெவ்வேறாக ஒலிப்பதைக் காதால் உணரச் செய்தோம். அவ்வாண்டு முடியுமுன் அவன் பாடநூலைத் தானே படித்தான்.

2022 முதல் தமிழக அரசு ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் திட்டத்தின் வாயிலாகத் தொடக்க வகுப்புகளில் இவ்வடிப்படையில் கருத்தைச் செலுத்தியது. எனினும் வீட்டில் எழுத்துக் கூட்டித் தர ஆளில்லாத குழந்தைக்குப் பள்ளி நேரம் போதாது. எழும்பூரில் எட்டு வயதுச் சிறுவன் செய்ததை நம் குடியிருப்பின் பதினெட்டு வயது இளைஞர் செய்ய இயலாதா? மாலையில் அரைமணி நேரம், ஒரு தட்டு மணல், ஐந்து குழந்தைகள் போதும். பெயரை ஒப்பிக்கச் செய்யாமல் ஒலியைப் பயிற்றுங்கள். நம் முன்னோர்க்கு மறுக்கப்பட்ட திண்ணையை நம் வீட்டு வாயிலிலேயே நாம் அமைப்போமாக.