மணி பார்த்துப் பால் கொடுத்த காலம்

கூட்டமைப்பு மலருக்கு நம்ம குழுவின் வரலாறு பற்றி எழுதுங்கள் என்றுதான் என்னிடம் கேட்டாங்க. பழைய தீர்மானப் புத்தகங்களை எடுத்துப் புரட்டினேன். 2003ஆம் வருடத்து நோட்டில் என் கையெழுத்திலேயே ஒரு வரி இருந்தது. கூட்டத்துக்கு அரை மணி நேரம் தாமதமாக வந்த உறுப்பினருக்கு ஐந்து ரூபாய் அபராதம். அந்த உறுப்பினர் பிள்ளை பெற்று நாற்பது நாள் ஆனவள். "பால் குடிச்சிட்டே இருந்தான் அக்கா, பாதியில எடுக்க மனசு வரல"ன்னு சொன்னாள். ஊக்குநராக இருந்த நான், "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுத்தா போதும், நேரத்தைப் பாத்துக் கொடுத்துட்டு வா"ன்னு பதில் சொல்லி அபராதத்தை வாங்கிட்டேன்.

அந்த வரியைப் படித்ததும் குழு வரலாறு எழுத மனசு ஓடவில்லை. பச்சைப் பிள்ளைக்கு எப்போது பால் கொடுக்கணும், எத்தனை தடவை கொடுக்கணும் என்பதை யார் யாரெல்லாம் முடிவு செய்தாங்க என்று தேட ஆரம்பித்தேன். அதுதான் இந்தக் கட்டுரை.

என் ஆயா காலத்தில் வீட்டில் கடிகாரம் கிடையாது. பிள்ளை சிணுங்கினால் எடுப்பார்கள், கொடுப்பார்கள். களத்துமேட்டில் புளிய மரத்தில் தூளி கட்டி, களை எடுக்கிற பெண் நடுவில் ஓடி வந்து பால் கொடுத்துவிட்டுப் போவாள். எத்தனை தடவை என்று கேட்டால் ஆயா சிரிப்பாள். "எத்தினி வாட்டி மூச்சு வுடறன்னு எண்ணிட்டா இருக்கற?" என்பாள்.

அது சரியான பதில்தான். ஆனால் அதே ஆயா முதல் மூன்று நாள் தாய்ப்பாலே கொடுக்க விடமாட்டாள். முதலில் வருகிற மஞ்சள் பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டச் சொல்வாள். வீட்டுப் பெரியவர் ஒருவர் சேனை வைப்பார். அப்புறம் சர்க்கரைத் தண்ணி, சில வீடுகளில் கழுதைப்பால். மாடு வைத்திருக்கிற நமக்கு இதில் ஒரு வேடிக்கை தெரியும். கன்று போட்டதும் சீம்பால் ஊட்டாவிட்டால் அந்தக் கன்று தேறாது என்று நம்ம வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கன்றுக்கு ஊட்டின அதே கை, பெற்ற பிள்ளையின் சீம்பாலை மண்ணில் கொட்டியது.

இது நம்ம ஊர் மடமை என்று நினைத்திருந்தேன். வில்லியம் கேடகன் என்கிற ஆங்கில மருத்துவர் 1748இல் எழுதியதைப் பற்றிப் படித்தபோது அந்த எண்ணம் போனது. லண்டனில் அப்போது பிள்ளை பிறந்த உடனே வாயில் வெண்ணெயும் சர்க்கரையும் வைப்பார்களாம். அதை அவர் கடுமையாகத் திட்டியிருக்கிறார். தாயின் முதல் பாலே மருந்து, அதைக் கொடு என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் அவருக்கு ஒரு கும்பிடு போட்டிருக்கலாம். இரவும் பகலும் சேர்த்து நாலு தடவை கொடுத்தால் போதும், ராத்திரியில் வேண்டாம் என்றும் எழுதிவிட்டார்.

அவர் அதை எழுதியது லண்டனில் இருந்த அநாதைப் பிள்ளைகள் காப்பகத்துக்காக. அங்கே பிள்ளைகள் ஏராளம், பார்க்கிற ஆட்கள் கொஞ்சம். அந்த மாதிரி இடத்தில் மணிக்கணக்கு இல்லாமல் வேலை ஓடாது. ஆனால் பல பிள்ளைகளை ஒன்றாக வைத்துப் பார்க்கிற இடத்துக்கு வேண்டிய ஒழுங்கு, ஒரே பிள்ளையை மடியில் வைத்திருக்கிற தாய்க்கும் சட்டமாகிப் போனது. மாட்டுப்பால் செரிக்க நேரமாகும், தாய்ப்பால் சீக்கிரம் செரித்துவிடும். புட்டிப் பிள்ளைக்குப் போட்ட கணக்கைத் தாய்ப்பால் பிள்ளைக்கும் போட்டார்கள்.

கடிகாரத்தை உலகம் பூரா கொண்டு போனவர் நியூசிலாந்து மருத்துவர் ட்ரூபி கிங். மனநல மருத்துவமனை ஒன்றுக்குத் தலைவராக இருந்தவர். அதன் பண்ணையில் கன்றுகளுக்குப் பால் அளந்து ஊட்டிப் பார்த்து, கழிச்சலில் கன்று சாவதைக் குறைத்தார். பிறகு அதே அக்கறையோடு 1907இல் பிள்ளைகளுக்காக ஒரு சங்கம் ஆரம்பித்தார். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. அவ்வளவுதான். நடுராத்திரியில் அழுதால் அழட்டும், பழகிவிடும். இவரும் தாய்ப்பாலுக்கு எதிரி இல்லை. தாய்ப்பால்தான் வேண்டும் என்று சொன்னவர். ஆனால் நாளைக்கு ஐந்தே தடவை கொடுத்தால் பல தாய்மாருக்குப் பால் நிற்காது என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. கறவை மாடு வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மடி காலியானால்தான் மறுபடி சுரக்கும் என்று. இரண்டு நாள் கறவையைத் தள்ளிப் போட்டுப் பாருங்கள், மூன்றாம் நாள் பால் குறைந்து நிற்கும்.

1918இல் லண்டனிலும் இந்த முறைக்கு ஒரு பயிற்சிப் பள்ளி வந்தது. வெள்ளைக்கார ஆட்சியில் இங்கேயும் தாய்சேய் நலத்துக்கு என்று 1920இல் வைஸ்ராய் மனைவி செம்ஸ்போர்டு சீமாட்டி பெயரில் சங்கம் அமைத்தார்கள். 1924இல் ரீடிங் சீமாட்டி முயற்சியில் இந்தியா முழுக்கக் 'குழந்தை வாரம்' நடத்தினார்கள். கொழுகொழு பிள்ளைக்குப் பரிசு கொடுத்தார்கள். நல்லதும் நடந்தது. சுத்தமான பிரசவம், கொதிக்க வைத்த கத்தி என்று உயிர் காத்த விஷயங்கள் பல. அதோடு கூடவே, படித்த தாய் என்றால் மணி பார்த்துக் கொடுப்பாள், படிக்காதவள்தான் அழும்போதெல்லாம் கொடுப்பாள் என்கிற எண்ணமும் வந்து உட்கார்ந்தது.

அந்த எண்ணம் என் மடிக்கு வந்தது 1991இல். முதல் பிரசவம். பிள்ளை பிறந்த இடத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இருந்தவர்கள் நல்லவர்கள், அவர்கள் படித்ததைச் சொன்னார்கள். பிள்ளையை வேறு அறையில் வைத்திருந்து மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கொண்டு வந்து கொடுத்தார்கள். வரும்போது பாதி நேரம் அழுது களைத்துத் தூங்கியிருப்பான். வீட்டுக்கு வந்த பிறகும் நான் அதே கணக்கை விடவில்லை. என் மாமியார், "அழுவுறான் பாரு, எடுத்துக் குடும்மா" என்று சொல்ல, "இன்னும் நேரம் ஆகல அத்தை"ன்னு சொன்னவள் நான். ஒரு மாதத்தில் மார்பு இளகிவிட்டது. பால் இல்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

டின் பால் வாங்கினோம். டின் மேல் ஒரு கொழுத்த பிள்ளைப் படம் சிரித்தது. வீட்டுக்காரர் கூலியில் பாதி அதற்கே போனது. ஒரு வாரத்துக்கு வர வேண்டிய டின்னைப் பத்து நாளுக்கு இழுக்க, நாலு கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டு போட்டேன். மூன்றாவது மாதம் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. கண் உள்ளே போய், உச்சி குழிந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். ஐந்து நாள் குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றினார்கள். கம்மலும் தாலிச் சரட்டில் இருந்த குண்டும் அடகுக் கடைக்குப் போனது. அந்த வட்டியைக் கட்ட முடியாமல்தான் பிற்பாடு நான் சங்கத்தில் சேர்ந்தேன். மகளிர் திட்டத்தில் முதல் கடன் வாங்கி மீட்டது அந்தக் குண்டைத்தான்.

நான் அழுதுகொண்டிருந்த அதே வருடங்களில் வெளியுலகம் மாறிக்கொண்டிருந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது. 1939லேயே சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்கிற பெண் மருத்துவர், டப்பாப் பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்பதைக் கொலை என்றே மேடையில் சொல்லியிருக்கிறார். 1942இல் அமெரிக்காவில் பிரான்சிஸ் சிம்சேரியன் என்கிற தாய் இன்னொரு வேலை செய்தார். பிள்ளை கேட்டபோதெல்லாம் கொடுத்து, எப்போது குடித்தது என்று பன்னிரண்டு வாரம் எழுதி வைத்து, மருத்துவரோடு சேர்ந்து வெளியிட்டார். நாம் வரவு செலவு எழுதுகிற மாதிரிதான். அந்தக் கணக்குக்கு மருத்துவ உலகில் இடம் கிடைத்தது. பிள்ளை தனக்கு வேண்டிய நேரத்தைத் தானே ஒழுங்கு செய்துகொள்ளும் என்ற பேச்சு அங்கிருந்து வளர்ந்தது.

1989இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் மருத்துவமனைகளுக்குப் பத்து விதிகள் சொன்னார்கள். பிள்ளையைத் தாயோடேயே வை, கேட்கும்போதெல்லாம் பால் கொடுக்க விடு என்பவை அதில் உண்டு. 1992இல் நம் நாட்டில் டின் பால் விளம்பரத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. டின் மேல் பிள்ளைப் படம் போடக்கூடாது என்பதும் அதில்தான். ஒரு வருடம் பிந்திவிட்டது எனக்கு.

இப்போது சொல்லப்படுகிற கணக்கு இது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் பால். அதன் பிறகு இரவு பகல் சேர்த்து 8 முதல் 12 தடவை, சில நாள் அதற்கு மேலும். முதல் நாள் பிள்ளையின் இரைப்பை மிகச் சின்னது. சீம்பாலும் சில கரண்டிதான் வரும், அது அதற்குப் போதும். பால் சுரக்க வைக்கிற சுரப்பு ராத்திரியில்தான் அதிகம், அதனால் ராத்திரிப் பாலை நிறுத்தக் கூடாது. கையை வாய்க்குக் கொண்டு போவது, தலையைத் திருப்பித் தேடுவது, உதட்டைச் சப்புவது இவைதான் பசி. அழுகை கடைசியில் வருவது. ஐந்து நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம். குறைகிற எடை இரண்டு வாரத்துக்குள் திரும்பி வரணும்.

கடிகாரத்துக்கு இதில் வேலையே இல்லையா? இருக்கு. எடை குறைவாகப் பிறந்த பிள்ளையும் மஞ்சள் காமாலை உள்ள பிள்ளையும் அசந்து தூங்கும், கேட்காது. அதை இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை எழுப்பிக் கொடுக்கணும். குடிக்காமல் சோர்ந்தே கிடந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும். எழுப்புவதற்குக் கடிகாரம் பார்க்கலாம், மறுப்பதற்குப் பார்க்கக் கூடாது.

முதல் ஒரு மணி நேரம் என்பது பேச்சுக்குச் சொன்னதில்லை. ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் ஏறக்குறைய 11,000 பிள்ளைகளைக் கவனித்து 2006இல் ஓர் ஆய்வு வந்தது. எல்லாருக்கும் முதல் மணி நேரத்தில் பால் கிடைத்தால், பிறந்த மாதத்துக்குள் நடக்கிற சாவில் ஐந்தில் ஒரு பங்கைத் தடுக்கலாம் என்றது. நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2011இல் வெளியானது. ஒரு நாள் கழித்துப் பால் ஆரம்பித்த பிள்ளைகளுக்குச் சாவு அபாயம் கூடுதல் என்று அதுவும் சொன்னது. ஆயா கொட்டச் சொன்ன அந்த மூன்று நாள் பால்தான் விஷயம்.

இன்று நம் மாநிலத்தில் நூற்றில் 99 பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான். சேனை வைக்கிற பெரியவர் வாசலுக்கு வெளியே நிற்கிறார். ஆனால் 2019-21 கணக்கெடுப்பில் நூற்றில் 45 பிள்ளைகள் ஆபரேஷனில் பிறந்திருந்தன. "அம்மாவுக்கு மயக்கம் தெளியட்டும்" என்று சொல்லி மணி நேரம் போய்விடுகிறது. மருமகளோடு, மகளோடு பிரசவத்துக்குப் போகிறவர்கள் நாம்தான். பிள்ளையைக் கொண்டு வாங்க, பால் கொடுக்கணும் என்று நர்ஸம்மாவிடம் கேட்க வேண்டியதும் நாம்தான்.

இன்னொரு முதலாளி இருக்கிறார், வேலை. 1961 மகப்பேறு சட்டத்தில் வந்த உரிமைப்படி, பிள்ளைக்கு 15 மாதம் ஆகும் வரை வேலைக்கு வருகிற தாய்க்குத் தினம் இரண்டு தடவை பால் கொடுக்க இடைவேளை உண்டு. 2017 திருத்தத்தில் விடுப்பு 26 வாரமானது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைக் காப்பறை வைக்கணும், தாய் நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்கலாம். நூறு நாள் வேலைச் சட்டத்தில், ஐந்து பிள்ளைகள் வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணுக்குக் கூலி கொடுத்து வைக்கணும் என்று இருந்தது. நம்மில் எத்தனை பேர் இதையெல்லாம் கேட்டு வாங்கியிருக்கோம்? வீட்டு வேலைக்குப் போகிறவருக்கும், தேரடித் தெருவில் பூ விற்கிறவருக்கும் எந்தச் சட்டமும் இல்லை.

நம்ம ஊர் அம்மன் பெயர் உண்ணாமுலை. அந்தப் பெயர் வைத்த பெண்கள் நம் குழுக்களிலும் இருக்காங்க. தீபத் திருவிழாவில் வேண்டுதல் பலித்த தாய் தகப்பன் கரும்புத் தொட்டிலில் பிள்ளையைப் போட்டு மாட வீதி சுற்றி வருவதைப் பார்க்கப் பார்க்கத் திகட்டாது. ஆனால் பௌர்ணமி ராத்திரி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கடை போட்டிருக்கிற ஒரு தாய் உட்கார்ந்து பால் கொடுக்க மறைவான இடம் தேடி அலைவதையும் பார்க்கிறோம். 2015 ஆகஸ்டில் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். திறந்தே வைத்திருக்கணும் என்று கேட்க வேண்டியது பாக்கி.

அந்த 2003 நோட்டுக்கு வருகிறேன். போன மாதக் கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டினேன். அபராதம் கட்டினவள் இப்போது பாட்டியாகப் போகிறவள், அதே கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். "அக்கா, வட்டியோட குடுங்க"ன்னு சிரித்தாள். ஐந்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்து ரசீது எழுதினோம். அப்புறம் ஒரு தீர்மானம் போட்டோம். ஒரு வயதுக்குக் கீழ் பிள்ளை உள்ள உறுப்பினருக்குத் தாமத அபராதம் கிடையாது, கூட்டத்தின் நடுவில் பால் கொடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. ஒருத்தி மட்டும் கடைசியில்தான் போட்டாள், அவள் கையில் பிள்ளை இருந்தது.