பாஸ்டனுக்குப் போகாத விமானம்

மேகத்துக்குள் கருவிகளை நம்பிப் பறக்கிறவர்கள், போகிற ஊரில் இறங்க முடியாவிட்டால் போக இன்னொரு ஊரையும், அதுவரைக்குமான எரிபொருளையும் கையில் வைத்திருக்கணும். இந்த மாற்று நிலையக் கணக்கு என்றாலே எனக்கு அவியாங்கா 52தான் ஞாபகம் வரும்.

1990 ஜனவரி 25. கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த போயிங் 707. மாற்று ஊர் பாஸ்டன். நியூயார்க்கில் மோசமான வானிலை, நெரிசல் வேறு. மூணு தடவையாக மொத்தம் 77 நிமிஷம் வானத்திலேயே வட்டமடிக்க வைத்தார்கள். பாஸ்டனுக்கான எரிபொருள் அங்கேயே கரைஞ்சு போச்சு. என்னைக் கேட்டால், கிளம்பியிருக்க வேண்டிய நேரம் அதற்கு முன்னாடியே. துணை விமானி 'முன்னுரிமை' கேட்டாரே தவிர 'எமர்ஜென்சி' என்று சொல்லவேயில்லை. (அந்த ஒரு வார்த்தை!) முதல் முயற்சியில் ஓடுபாதை கண்ணில் படாமல் மேலே ஏறி, மறுபடி சுற்றி வருவதற்குள் நாலு எஞ்சினும் நின்னுடுச்சு. 158 பேரில் 73 பேர் போய்விட்டார்கள். டேங்க் காலி என்பதால் தீகூடப் பிடிக்கலை.