நடுக்குவாதத்தில் நடையும் சமநிலையும்: மூளை ஆய்வின் வரலாறு

நடுக்குவாதம் எனப்படும் பார்கின்சன் நோயில் முதலில் கண்ணில் படுவது கைநடுக்கம். ஆனால் ஆளை வீட்டோடு முடக்குவது பெரும்பாலும் கால். அடி குறுகும், உடல் முன்னால் சாயும், திரும்பும்போது தள்ளாடும், வாசற்படியருகே பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். மருத்துவம் நெடுங்காலம் டோபமைன் என்ற ஒரே மூளை வேதிப்பொருளின் பின்னால் சென்றதால், இவற்றுக்கான விளக்கம் தாமதமாகவே வந்தது.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்கின்சன் 1817-இல் ஆறு பேரை வைத்து எழுதிய கட்டுரையிலேயே, நடை தன்னையறியாமல் ஓட்டமாக மாறுவதைக் குறித்திருக்கிறார். அந்த ஆறு பேரில் சிலரை அவர் கண்டது தெருவில்தான். நடையைக் கவனிக்க அதைவிடத் தோதான இடம் ஏது? நடுமூளையிலுள்ள சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கருநிறப் பகுதி இந்நோயில் அழிவதை 1919-இல் பாரிசில் த்ரெத்தியாகோஃப் எடுத்துரைத்தார். அதன் விளைவாக மூளையில் டோபமைன் வற்றிப்போவதை 1960-இல் வியன்னாவில் எரிங்கரும் ஹார்னிகீவிச்சும் நிறுவினர்.

இந்த வரலாற்றில் சென்னைக்கும் பங்குண்டு. சித்த, ஆயுர்வேத மருந்துகளில் சேரும் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவை 1937-இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் பிரித்தெடுத்தனர். மூளைக்குள் டோபமைனாக மாறும் இப்பொருளை அதிக அளவில் கொடுத்தால் நோயாளிகள் எழுந்து நடமாடுவதை 1967-இல் அமெரிக்காவில் காட்சியாஸ் காட்டினார். விதைக்கு விதை மருந்தின் அளவு மாறும் என்பதால், லெவோடோபா மாத்திரை எடுப்பவர் பூனைக்காலிப் பொடியைத் தாமாகச் சேர்த்துக்கொள்வது ஆபத்து.

1950-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கிய பி. ராமமூர்த்தியும், அவருடன் பணியாற்றிய வி. பாலசுப்பிரமணியம், டி. எஸ். கனகா போன்றோரும் ஸ்டீரியோடாக்டிக் முறை மூளை அறுவையை இங்கே வளர்த்தெடுத்தனர். மூளையின் ஆழத்தில் சிறு புள்ளியை அழிக்கும் இம்முறை நடுக்கத்தையும் விறைப்பையும் தணித்தது. சமநிலையை அது மீட்டுத் தரவில்லை. இருபுறமும் செய்தால் தள்ளாட்டம் கூடவும் செய்தது. 1967-இல் ஹோன், யார் இருவரும் நோயை ஐந்து நிலைகளாகப் பிரித்தபோது, சமநிலை குலைவதையே மூன்றாம் நிலையின் அடையாளமாக வைத்தனர். மருத்துவர் பின்னால் நின்று தோளைச் சட்டென்று இழுக்கும் சோதனை இன்றும் அதற்காகத்தான்.

பழகிப்போன அசைவுகளை நடத்துவதில் புட்டமென் என்ற பகுதியின் பின்பாகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அம்மையார்குப்பத்துக் கைத்தறி நெசவாளியின் கால் மிதியைப் பார்க்காமலே மாறி மாறி இயங்குவது இப்படிப்பட்ட பழக்கத்தால். டோபமைன் முதலிலும் மிகுதியாகவும் குறைவது புட்டமெனின் அந்தப் பின்பாகத்தில்தான். பிறகு ஒவ்வோர் அடியையும் எண்ணி வைக்கவேண்டியிருக்கிறது. பேசிக்கொண்டே நடந்தால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால், கால் நின்றுவிடுகிறது.

எண்ணி நடக்கக் கவனம் தேவை. கவனத்துக்கு அசிட்டைல்கோலின் என்ற மற்றொரு மூளை வேதிப்பொருள் தேவை. கொடுமை என்னவென்றால் அதுவும் இந்நோயில் குறைகிறது. மூளைத்தண்டிலுள்ள பெடங்குலோபான்டைன் என்ற நரம்பணுத் தொகுதியில் அசிட்டைல்கோலின் அணுக்கள் அழிந்திருப்பதை 1987-இல் பிரான்சில் ஹிர்ஷ் குழு கண்டது. 2009-இல் மிச்சிகனில் போனன் குழு எடுத்த பெட் ஸ்கேன்களில், விழுந்த நோயாளிகளுக்கும் விழாதவர்களுக்கும் டோபமைனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, அசிட்டைல்கோலினில் இருந்தது. என் மதிப்பில் இத்துறையின் முக்கியத் திருப்பம் இதுவே. லெவோடோபாவால் கை இளகிய பிறகும் பலர் ஏன் விழுகிறார்கள் என்பதற்கு அது விடை தந்தது.

அந்த மூளைத்தண்டுத் தொகுதியிலேயே மின்முனை பதிக்கும் சிகிச்சை 2005 முதல் முயலப்பட்டது. பலன் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. அசிட்டைல்கோலினைக் காக்கும் ரிவாஸ்டிக்மின் மருந்து நடையை ஓரளவு சீராக்கி விழுதலைக் குறைப்பதாக 130 பேரைக் கொண்ட பிரிட்டன் ஆய்வு 2016-இல் தெரிவித்தது.

மருந்தில்லா வழி ஒன்றும் உண்டு. தரையில் குறுக்குக் கோடுகள் போட்டால் நின்றுபோன கால் நகர்வதை 1967-இலேயே பர்டன் மார்ட்டின் எழுதினார். கண்ணுக்குக் குறி கிடைத்ததும், பழுதான பாதையை விட்டு மூளை வேறு பாதையில் அசைவை நடத்துவதாகக் கருதப்படுகிறது. சமதரையில் நின்றுவிடுபவர் படிக்கட்டில் ஏறிவிடுவதும் இதனால்தான். திருத்தணி மலைக்கோயிலின் 365 படிகளில் ஒவ்வொரு விளிம்பும் அத்தகைய குறி. ஆனால் இறங்கும்போதும் திரும்பும்போதும் சமநிலைக் கோளாறு அப்படியே இருக்கும். துணைக்கு ஒருவர் கையெட்டும் தூரத்தில் வரவேண்டும்.